நீர்மேல் இறங்கும் விமானமும் துணிக்கைக் கணக்கும்

கீரிமலைக் கேணியிற் குதித்து நீராடியவர்கள் நம்முட் பலர் இருப்பர். கைகளைக் கூப்பித் தலைகீழாய்ப் பாய்ந்தவனை நீர் ஓசையின்றி ஏற்றுக்கொள்ளும். வயிறு படியக் கவிழ்ந்து விழுந்தவனையோ அதே நீர் பிரம்பாலடித்தாற்போல அடித்துவிடும். தோல் சிவக்கும், மூச்சும் ஒரு கணம் நின்றுபோகும். நீரும் ஒன்று, உயரமும் ஒன்று. விழுந்த விதம் மாத்திரமே வேறு. மென்மைக்கு உவமையாக நாம் கூறும் நீர், தன்மீது விரைந்து விழுவார்க்குக் கல்லாகவும் மாறும் என்பதை இளமையிலேயே நம் உடல் அறிந்துகொண்டது.

காரணம் எளியது. நீரினுள் ஒரு பொருள் புகவேண்டுமாயின், அது புகும் இடத்திலுள்ள நீர் விலகவேண்டும். நீருக்குத் திணிவு உண்டு. திணிவுடைய எதனையும் இமைப்பொழுதில் அசைக்க முயன்றால் அஃது எதிர்த்து நிற்கும். கூரிய உருவம் நீரைச் சிறிது சிறிதாக விலக்குகின்றது. தட்டையான உருவமோ பெருந்தொகை நீரை ஒரே கணத்தில் விலக்க முயன்று அடிபடுகின்றது. நீரின் அடர்த்தி வளியின் அடர்த்தியைப்போல ஏறக்குறைய 800 மடங்காகும். வளியிற் பறப்பதற்கென்று மெல்லிய தகடுகளாற் சமைக்கப்பட்ட விமானம், இத்தகைய நீரின்மேல் பெருவேகத்தோடு இறங்க நேர்ந்தால் என்ன நிகழும்? அதனை முன்கூட்டி அறிவது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு இக்காலப் பொறியியலாளர் கையாளும் ஒரு கணக்கு முறையை இங்கே விளக்க முயல்வோம். நாம் தமிழ் கற்பிப்போரேயன்றிக் கணிதத் துறையினர் அல்லோம். ஆயினும், வகுப்பில் மாணவர் எழுப்பிய வினாக்கள் நம்மை இத்துறை நூல்களிடத்தே செலுத்தின. படித்தறிந்தவற்றைத் தமிழிற் சொல்லிப் பார்ப்போம் என்னும் ஆசையே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் இரண்டு நிகழ்ச்சிகளை நினைவுகூர்வோம். 1996ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், கடத்தப்பட்ட எதியோப்பிய விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து, இந்து சமுத்திரத்திலுள்ள கிராண்ட் கொமோர் தீவின் கரையோரக் கடலில் இறங்கியது. அது போயிங் 767 வகையைச் சேர்ந்தது. கடத்தியோர் விமானியோடு இறுதிவரை போராடிக்கொண்டிருந்தனர். விமானம் இடப்புறம் சரிந்தவாறே நீரைத் தொட்டது. இடச்சிறகுப் பக்கம் முதலில் நீரிற் பட, விமானம் சுழன்று துண்டுதுண்டாய் உடைந்தது. அதிலிருந்த 175 பேரில் 125 பேர் மாண்டனர்.

2009ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள், நியூயோர்க் நகரின் லாகார்டியா நிலையத்திலிருந்து எழுந்த எயர்பஸ் 320 விமானம் ஒன்றினைக் காட்டு வாத்துக் கூட்டம் மோதிற்று. இரு எந்திரங்களும் வலுவிழந்தன. விமானத் தலைவர் செஸ்லி சல்லன்பேகரும் துணைவிமானி ஜெவ்ரி ஸ்கைல்ஸும் சுமார் மூன்றரை நிமிடத்துள் விமானத்தை ஹட்சன் ஆற்றின்மீது இறக்கினர். குளிர் மிக்க மாரிகாலம். ஆயினும், விமானம் உடைந்து சிதறாமல் மிதந்தது. ஆற்றிற் சென்றுகொண்டிருந்த பயணப் படகுகள் சில நிமிடத்தில் வந்தடைந்தன. அதிலிருந்த 155 பேரும் உயிர் பிழைத்தனர்.

இவ்விரண்டினையும் ஒப்பிடுவோர் விமானியின் திறமை, விதி என்பனவற்றைப் பேசுவர். பொறியியலாளர் பேசுவன வேறு. நீரைத் தொடும்போது மூக்கு எத்தனை பாகை உயர்ந்திருந்தது? சிறகுகள் மட்டமாக நின்றனவா? முன்னோக்கிய வேகம் எவ்வளவு? கீழ்நோக்கிய வேகம் எவ்வளவு? அடிப்பாகத் தகடு எந்த இடத்தில் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கியது? உடைந்திருப்பின் நீர் எவ்வழி புகுந்தது? மக்கள் வெளியேறும் வரை விமானம் மிதக்குமா? ஒரு விமானத்தைக் கட்டுவதற்கு முன்னரே இவற்றுக்கு விடை வேண்டும். ஆனால், பல கோடி பெறுமதியான விமானத்தை ஒவ்வொரு விதமாகவும் கடலில் இறக்கிப் பார்ப்பது இயலாத காரியம்.

அங்ஙனம் இறக்கிப் பார்த்ததும் உண்டு. 1944ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாகாணத்து ஜேம்ஸ் ஆற்றில், பி-24 வகைக் குண்டுவீச்சு விமானம் ஒன்றினை விமானிகள் இருவர் வேண்டுமென்றே இறக்கினர். அவர்கள் பிழைத்தனர், விமானம் பெரிதும் சிதைந்தது. போர்க்கால அவசரத்தில் நிகழ்ந்த அத்தகைய சோதனையை நாளும் நடத்த யாரால் இயலும்?

ஆதலின், அறிஞர் சிறிய மாதிரிகளை நாடினர். நாசா நிறுவனத்துக்கு முன்னோடியாக விளங்கிய அமெரிக்க வானூர்தியியல் ஆலோசனைக் குழுவின் லாங்லி ஆய்வுகூடத்தில், 1940களிலும் 1950களிலும் பற்பல விமானங்களின் மாதிரிகள் தொட்டி நீரில் எறியப்பட்டு ஆராயப்பட்டன. இச்சோதனைகளுக்கு அடிப்படையான விதி, கப்பல் மாதிரிகளை ஆராய்ந்த வில்லியம் புரூட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் பெயரால் வழங்குவது. உருவத்தைப் பதினாறில் ஒன்றாகக் குறைத்தால், வேகத்தைப் பதினாறின் வர்க்கமூலமாகிய நான்கினாற் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது அவ்விதி. செக்கனுக்கு 64 மீற்றர் வேகத்தில் இறங்கும் விமானத்தின் மாதிரியைச் செக்கனுக்கு 16 மீற்றர் வேகத்தில் விட்டால், அலையும் தெறிப்பும் உண்மையை ஒத்திருக்கும்.

ஆனால் எல்லாம் ஒத்திருப்பதில்லை. அம்மாதிரியில் நீரின் அமுக்கம் பதினாறில் ஒரு பங்காகக் குறைகின்றது. சாதாரணத் தொட்டியின்மேல் நிற்கும் வளிமண்டலத்தின் அமுக்கமோ குறைவதில்லை. இதனால் விளையும் பிழையைப் பின்னர்க் காண்போம். மேலும், சிறு மாதிரியின் உடல் மெய்யான விமானத்தின் உடலைப்போல வளைவதும் நெளிவதும் உடைவதும் இல்லை.

கணித வழியில் முயன்றோரும் உளர். 1929ஆம் ஆண்டில் தியோடோர் வொன் கார்மன், நீர்விமானத்தின் மிதவை நீரைத் தொடும்போது எழும் விசையைக் கணித்தார். மிதவையோடு சேர்ந்து ஒரு பங்கு நீரும் கீழே தள்ளப்படுகின்றது. அந்நீரையும் விமானத்தின் சுமையாகச் சேர்த்து எண்ணுதல் வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. 1932ஆம் ஆண்டில் ஹேர்பேட் வாக்னர் அதனை மேலும் செம்மைப்படுத்தினார். ஆப்பு வடிவான எளிய உருவங்களுக்கு அவர்தம் சமன்பாடுகள் இன்றும் பயன்படுகின்றன. எந்திரமும் சிறகும் வாலும் கொண்டு, வளைந்தும் உடைந்தும் நீரைக் கிழித்தோடும் முழு விமானத்துக்கு அவை போதா.

இங்கேதான் கணினி துணைக்கு வருகின்றது. நீரின் இயக்கத்தைக் கணினியிற் கணிப்பதற்கு நெடுங்காலமாக வழங்கும் முறை வலை முறையாகும். நீர் நிறைந்த இடத்தைச் சிறு சிறு பெட்டிகளாகப் பகுத்து, ஒவ்வொரு பெட்டியுள்ளும் எவ்வளவு நீர் புகுந்தது, எவ்வளவு வெளியேறியது என்று கணக்கெழுதுவது அதன் வழி. வாய்க்காலில் அமைதியாய் ஓடும் நீருக்கு அது மிகப் பொருந்தும். நீர் கிழிந்து, திரையாய் எழுந்து, துளியாய்ச் சிதறி, மீண்டும் விழுந்து கலக்கும் இடத்திலோ, நீரின் எல்லை எதுவென்று காண்பதே அம்முறைக்குப் பெருந்தொல்லையாகின்றது.

துணிக்கை முறை இதற்கு மறுதலையானது. அது பெட்டிகளை விட்டுவிட்டு நீரையே பின்தொடர்கின்றது. நீர் முழுவதையும் எண்ணற்ற சிறு உருண்டைகளாகக் கருதி, ஒவ்வோர் உருண்டையும் எங்கே செல்கின்றது என்று கணக்கெடுக்கின்றது. வியப்பு யாதெனில், இம்முறை தண்ணீருக்காகப் பிறந்ததன்று, விண்மீன்களுக்காகப் பிறந்தது. 1977ஆம் ஆண்டில் லியன் லூசி என்னும் வானியலாளர் ஒருபுறமும், ரொபேட் கிங்கோல்ட், ஜோசப் மொனகன் என்னும் இருவர் மற்றொருபுறமும், ஒருவரையொருவர் சாராது, விண்வெளியில் வாயுத் திரள்கள் குவிவதையும் பிரிவதையும் ஆராய்வதற்காக இதனை வகுத்தனர். அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொனகன், 1994ஆம் ஆண்டில் இதனை அலையெறியும் நீருக்கும் பொருத்திக் காட்டினார். மென்மையாக்கிய துணிக்கை நீரியக்கவியல் என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம்.

'மென்மையாக்கிய' என்னும் அடைமொழியின் பொருள் யாது? நல்லூர்த் தேர்த் திருவிழாவன்று வீதியில் நிற்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வீதியின் மறுகோடியில் நடப்பது அவருக்குத் தெரியாது. தம்மைச் சூழ்ந்து நிற்பவரையே அவர் உணர்வார். மிக அருகில் நிற்பவர் தள்ளுவது பெரிதாகவும், இரண்டடி தள்ளி நிற்பவர் தள்ளுவது சிறிதாகவும் அவரைத் தாக்கும். நெருக்கம் மிகுந்த பக்கத்திலிருந்து நெருக்கம் குறைந்த பக்கத்துக்கு அவர் நகர்வார். ஒவ்வொருவரும் இங்ஙனம் அயலாரை மாத்திரம் உணர்ந்து நகர, கூட்டம் முழுவதும் அலைபோல அசைகின்றது. துணிக்கை முறையும் இதுவே. ஒவ்வொரு துணிக்கைக்கும் திணிவு, இடம், வேகம், அடர்த்தி, அமுக்கம் என்பன உண்டு. ஒரு குறித்த தூரத்துக்குள் இருக்கும் அயற்றுணிக்கைகளை மாத்திரம் கணினி தேடி எடுக்கும். அருகிலிருப்பதற்கு அதிக மதிப்பும் அகன்றிருப்பதற்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துச் சராசரி காணும். அச்சராசரியே தனித்தனித் துணிக்கைகளைத் தொடர்ச்சியான நீராக மென்மைப்படுத்துவது.

கணக்கின் ஒழுங்கு வருமாறு. அயலாரின் நெருக்கத்திலிருந்து அடர்த்தி பெறப்படும். அடர்த்தியிலிருந்து அமுக்கம் பெறப்படும். அமுக்க வேறுபாட்டிலிருந்து துணிக்கையைத் தள்ளும் விசை பெறப்படும். விசையிலிருந்து ஆர்முடுகலும், அதிலிருந்து புதிய வேகமும் புதிய இடமும் பெறப்படும். அவ்வளவே. பின்னர் மிகச் சிறிய காலம் ஒன்று கழிந்ததாகக் கொண்டு, எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதனை விளக்கியபோது மாணவன் ஒருவன், "ஐயா, துணிக்கை என்பது நீரின் மூலக்கூறா?" என்று கேட்டான். நல்ல வினா, கேட்காதோரும் அவ்வாறே எண்ணியிருத்தல் கூடும். மூலக்கூறு அன்று. துணிக்கைகளுக்கிடையே 10 சதமமீற்றர் இடைவெளி வைத்தால், ஒவ்வொரு துணிக்கையும் ஒரு லீற்றர் நீரைக் குறிக்கும். அதன் திணிவு ஒரு கிலோகிராம். பெரியதொரு போத்தல் நீரை ஒரு புள்ளியாகக் கருதுகின்றோம் என்பதே பொருள். ஆகவே, அப்புள்ளியினும் சிறிய தெறிப்புகளையும் குமிழிகளையும் அக்கணக்குக் காணமாட்டாது.

அப்படியானால் துணிக்கையை மேலும் சிறிதாக்கினால் என்ன? இங்கே செலவு குறுக்கிடுகின்றது. நீளம் 100 மீற்றர், அகலம் 20 மீற்றர், ஆழம் 5 மீற்றர் கொண்ட நீர்ப்பரப்பை எடுத்துக்கொள்வோம். அதன் கனவளவு 10,000 கனமீற்றர். 10 சதமமீற்றர் இடைவெளியில் அதற்கு ஒரு கோடி துணிக்கைகள் வேண்டும். இடைவெளியைப் பாதியாக்கினால் எட்டுக்கோடி. அதனோடு காலப்படியையும் பாதியாக்க வேண்டியிருத்தலின், வேலை பதினாறு மடங்காகப் பெருகும். காலப்படியோ முன்னரே மிகச் சிறியது. நீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,480 மீற்றர் ஓடும். ஒரு துணிக்கையிலிருந்து அடுத்ததற்கு ஒலி சென்று சேரும் காலத்தினும் குறைந்ததாகக் காலப்படி அமையாவிடின் கணக்குக் குலைந்துவிடும். 10 சதமமீற்றர் இடைவெளியில் ஐந்து செக்கன் நிகழ்ச்சியைக் காண்பதற்கு எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு கோடி துணிக்கைகளுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். சிறுதுளி பெருவெள்ளம் என்னும் பழமொழியின் பொருளைக் கணினி நன்கு உணரும் இடம் இது.

இச்சுமையைக் குறைக்கச் சில உபாயங்கள் உள. விமானம் தொடும் இடத்தில் நுண்ணிய துணிக்கைகளையும் அப்பாற் பெரிய துணிக்கைகளையும் வைப்பது ஒன்று. விமானத்தோடு கூடவே நீர்ப்பரப்பையும் நகர்த்திச் செல்வது மற்றொன்று. ஒலியின் வேகத்தை உண்மையினும் குறைவாக, நீரோட்ட வேகத்தின் பத்து மடங்கு என்ற அளவில் எடுத்துக்கொள்வது வேறொன்று. அவ்வாறு செய்தால் நீரின் அடர்த்தி நூற்றிலொரு பங்களவே மாறுபடுமாதலின், பெரும்பாலும் பிழை பொறுக்கத்தக்கதாம்.

நீர் இவ்வாறாக, விமானம் வேறு வழியில் எழுதப்படுகின்றது. அதன் தகடு, சட்டம், தளம் என்பன சிறு சிறு துண்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டமும் எவ்வளவு வளையும், எப்பொழுது கிழியும் என்பன கொடுக்கப்படும். ஒவ்வொரு காலப்படியிலும் துணிக்கைகள் தகட்டைத் தள்ளும்; தகடு வளைந்து துணிக்கைகளைத் திருப்பித் தள்ளும். இவ்விரு கணக்கும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே செல்வதனால், மாதிரிச் சோதனையிற் காணவியலாத உடைவும் இங்கே காணலாகும்.

அக்கணக்குக் காட்டும் காட்சிகளுள் மிக நுட்பமானது உறிஞ்சல். குழாயிலிருந்து விழும் நீரில், கரண்டியின் குவிந்த முதுகை மெல்லத் தொடுவித்துப் பாருங்கள். நீர் கரண்டியைத் தள்ளும் என்று எதிர்பார்ப்போம். அதுவோ கரண்டியைத் தன்பால் இழுக்கும். விமானத்தின் பின்பாகம் வாலை நோக்கி மேலே வளைந்து செல்வது. மூக்கை உயர்த்தி இறங்கும் விமானத்தில் முதலில் நீரைத் தொடுவது அப்பின்பாகமே. வளைந்த பரப்பைத் தழுவி ஓடும் நீர் அதனைக் கீழே இழுக்க, வால் தாழ்ந்து மூக்கு மேலும் உயர்கின்றது. பின்னர் முன்பாகம் நீரில் அறைந்து விழுகின்றது. அவ்வறைதல் எவ்வளவு கடுமையாகும் என்பது உறிஞ்சலின் அளவைப் பொறுத்தது.

முன்னர்க் குறிப்பிட்ட மாதிரிச் சோதனைப் பிழை இங்கே வெளிப்படுகின்றது. செக்கனுக்கு 64 மீற்றர் வேகமுடைய நீரை எதிர்நின்று தடுத்தால் எழும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறக்குறைய 20 மடங்காகும். அதனுள் ஒரு சிறு பங்களவு உறிஞ்சல் எழுந்தாலும், நீர் கொதிக்காமலே ஆவிக்குமிழியாய்ப் பிரிந்துவிடும். உறிஞ்சல் அதற்குமேல் வளராது. மாதிரியிலோ உறிஞ்சல் பதினாறில் ஒன்றாதலின் குமிழி தோன்றுவதில்லை; தடையின்றி இழுக்கின்றது. எனவே மாதிரியின் வால், மெய்விமானத்தின் வாலிலும் அளவுமீறித் தாழலாம். முழு அளவிலேயே கணக்கிடும் கணினிக்கு இவ்விடர் இல்லை. ஆயினும், ஆவிக்குமிழி பிறக்கும் விதியை அதற்குச் சொல்லிக் கொடுத்திருத்தல் வேண்டும்.

இனி ஹட்சன் ஆற்றுக்கு மீள்வோம். அவ்வகை விமானம் நீரில் இறங்குவதற்குத் தகுதியானது என்று சான்று பெற்றபோது, கீழ்நோக்கிய வேகம் செக்கனுக்கு மூன்றரை அடி எனக் கொள்ளப்பட்டிருந்தது. அன்று நிகழ்ந்ததோ செக்கனுக்குப் பன்னிரண்டரை அடி. இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுவதாதலின், கீழ்நோக்கிய இயக்கத்தின் சக்தி எதிர்பார்த்ததைப்போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேலாயிற்று. முன்னோக்கிய வேகம் 125 நொட், அதாவது மணிக்குச் சுமார் 230 கிலோமீற்றர். மூக்கு ஒன்பதரை பாகை உயர்ந்திருந்தது. பின்பாகத்தின் அடித்தகடு கிழிந்து, நீர் உட்புகுந்தது, பின்வாயில்கள் பயன்படவில்லை, மக்கள் முன்வாயில்களாலும் சிறகுகளின் மீதும் வெளியேறினர். எந்திரம் இழந்த விமானத்தை, சான்றிதழ் எதிர்பார்க்கும் அத்துணை மெதுவாக நீரில் வைப்பது விமானிகளுக்கு அரிது என்பதை 2010ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க விசாரணை அறிக்கை எடுத்துக்காட்டிற்று.

இப்பொருளின் உயிர்நிலை இதுவேயாம். நன்முறையில் இறங்கிய ஒரு விமானத்தைப் பற்றி அறிவது போதாது. சற்றே விரைந்தும், சற்றே சரிந்தும், அலையின் முகட்டிலும் பள்ளத்திலும் இறங்கும் நூறு விமானங்களைப் பற்றி அறிதல் வேண்டும். அந்நூற்றையும் உயிரிழப்பின்றி நிகழ்த்திப் பார்க்கக் கணக்கு ஒன்றே வழி.

ஆனால் கணக்கு நம்மை ஏமாற்றவும் கூடும். கணினித் திரையில் நீர் அழகாகத் தெறிக்கும். அத்தெறிப்பைக் கண்டு அமுக்கமும் சரியென்று நம்பிவிடுதல் தவறு. துணிக்கை முறையில் அமுக்கம் இடத்துக்கிடம் நடுங்கும் இயல்புடையது. தகட்டுக்கும் நீருக்குமிடையே சிக்கும் வளியைப் பல கணக்குகள் விட்டுவிடுகின்றன. ஆதலின், கணக்கை மெய்யான நீரோடு ஒப்புநோக்கும் பணி இன்றியமையாதது. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய ஐரோப்பிய கூட்டாய்வு ஒன்றில், உரோமாபுரியிலுள்ள ஆய்வுகூடத்தில், உலோகத் தகடுகளைச் செக்கனுக்கு 40 மீற்றருக்கு மேற்பட்ட வேகம்வரை நீரிற் சாய்வாகச் செலுத்தி, அமுக்கத்தையும் வளைவையும் அளந்தனர். ஜேர்மனியின் விண்வெளி ஆய்வு நிலையத்தார் அவ்வளவீடுகளோடு தம் துணிக்கைக் கணக்கை ஒப்பிட்டனர். 1953ஆம் ஆண்டில் லாங்லியிலிருந்து வெளிவந்த, பின்பாக வடிவங்களைப் பற்றிய மாதிரிச் சோதனை அறிக்கையும் இன்றைய கணக்கர்க்கு உரைகல்லாக உதவுகின்றது. எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், கணினியின் துணையின்றி, பொறுமையோடு அளந்து எழுதிவைத்தவர்களின் உழைப்பு வீண்போகவில்லை.

பயணம் செய்வோர்க்கும் ஒரு சொல். கொமோர்க் கடலில் மாண்டோருட் சிலர், விமானம் இறங்குமுன்னரே உயிர்காப்பு அங்கியை ஊதிக்கொண்டதனால், புகுந்த நீர் அவர்களை விமானத்தின் கூரையோடு உயர்த்திவிட, வாயிலை அடையமாட்டாது போயினர். அங்கியை வாயிலைத் தாண்டிய பின்னரே ஊதுதல் வேண்டும். விமானப் பணியாளர் ஒவ்வொரு முறையும் இதனைச் சொல்கின்றனர். நாமோ பெரும்பாலும் கேட்பதில்லை.

ஆழமறியாமற் காலை விடாதே என்று நம் முன்னோர் அறிவுறுத்தினர். ஆழமறிவதற்கு அவர்கள் கோலிட்டுப் பார்த்தனர்; இன்றுள்ளோர் கோடி துணிக்கைகளை இட்டுப் பார்க்கின்றனர். விழாக் காணும் நம் கல்லூரியின் மாணவருள் இத்துறையில் ஈடுபட விரும்புவோர் இருப்பின், இன்றே குழாயடியிற் கரண்டியைப் பிடித்துப் பார்த்து, கண்டதைத் தமிழில் எழுதி நம்மிடம் கொணர்க.